மாவும் வெல்லமும்: பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகளின் ஓர் உணவு வரலாறு

நீண்ட பதிவு. சொல்லில் தொடங்கி, உயிர்வேதியியல் வழியாக வரலாற்றுக்குள் செல்கிறது. மூன்று துறை நண்பர்களும் பொறுத்துக்கொள்க.

இலங்கைத் தமிழ் அறிவியல் பாடநூல்கள் 'காபோவைதரேற்று' என்று எழுதுகின்றன. அதன் எளிய வகையை 'வெல்லம்' என்றும் சேமிப்பு வகையை 'மாப்பொருள்' என்றும் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் 'கார்போஹைட்ரேட்', 'சர்க்கரை', 'ஸ்டார்ச்'. சற்றுப் பழைய நூல்களில் 'தரசம்'. மலையாளப் பாடநூல்களில் பொதுப்பெயர் 'தான்யகம்', ஸ்டார்ச்சுக்கு 'அன்னஜம்'. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் கேரள அரசின் பாடத்திட்டத்தைத் தமிழ்வழியில் பயிலும் மாணவர் உண்டு. இச்சொற்கள் அனைத்துக்கும் நடுவில் அவர்கள் படிக்கிறார்கள். கடைத்தெருவிலும் இதே சிக்கல்தான்: மலையாளத்தில் 'சர்க்கர' என்றால் வெல்லம், தமிழில் 'சர்க்கரை' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் வெள்ளைச் சீனி கிடைக்கும்.

மலையாளச் சொற்கள் இரண்டும் கவனத்திற்குரியவை. 'தான்யகம்' தானியத்திலிருந்து வந்தது. 'அன்னஜம்' என்பதற்கு அன்னத்தில் பிறந்தது என்று பொருள். இரண்டும் இப்பொருளை வயல்வரப்பில் நின்று பார்க்கின்றன. கிழங்கும் பனந்தண்டும் தேனும் அப்பார்வைக்கு வெளியே நிற்கின்றன. சொல்லாக்கம் செய்தோரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. எந்தக் கலைச்சொல்லும் ஏதோ ஓரிடத்தில் நின்றுதான் ஆக்கப்படுகிறது. ஆனால் அரசின் உணவுக் கணக்கும் ஏறத்தாழ இதே வழியில் சென்றது: மாவுச்சத்து என்றால் தானியம், தானியம் என்றால் அரிசி. மேற்குத் தொடர்ச்சி மலையின் எல்லைப் பகுதிகளில் அந்தச் சமன்பாடு என்ன செய்தது என்பதே இப்பதிவின் பொருள்.

முதலில் வேதியியல், சுருக்கமாக. 1811இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் கிர்க்ஹாஃப் என்ற வேதியியலர் மாவை நீர்த்த கந்தக அமிலத்துடன் கொதிக்கவைத்து இனிப்பான பாகு பெற்றார். 1833இல் பயேன், பெர்சோ என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள், முளைவிட்ட வாற்கோதுமையிலிருந்து எடுத்த ஒரு பொருள் அமிலமின்றியே அதே வேலையைச் செய்வதைக் காட்டினர். அதற்கு 'டயஸ்டேஸ்' என்று பெயரிட்டனர். மாவு என்பது சர்க்கரையைக் கோத்த சங்கிலி, முளைக்கும் விதை அச்சங்கிலியை அவிழ்க்கிறது என்ற புரிதல் இவ்வாறே உருப்பெற்றது.

உயிர்கள் ஏன் கோக்க வேண்டும், ஏன் அவிழ்க்க வேண்டும்? ஓர் உயிரணுவுக்குள் ஆயிரம் குளுக்கோஸ் மூலக்கூறுகள் தனித்தனியே கரைந்திருந்தால் ஆயிரம் துகள்களின் அளவுக்கு அவை நீரை உள்ளிழுக்கும். அணு வீங்கி வெடிக்கும். ஒரே சங்கிலியாகக் கோத்து மணியாக்கி வைத்தால் அத்தொல்லை இல்லை. எனவே சேமிப்புக்கு நீண்ட சங்கிலி, பயணத்துக்குக் குறுகிய சங்கிலி. செடியின் இலையிலிருந்து வேருக்குச் செல்வது சுக்ரோஸ். வேரில் தங்குவது மாவு. நம் உடலிலும் அவ்வாறே. வளர்ந்த ஒருவரின் இரத்தம் முழுவதிலும் ஒரு வேளையில் இருக்கும் குளுக்கோஸ் 4 அல்லது 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி; மிச்சம் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற கிளைத்த சங்கிலியாகக் காத்திருக்கிறது. அதே குளுக்கோஸைச் சற்றே வேறு கோணத்தில் பிணைத்தால் செல்லுலோஸ். மனிதக் குடலுக்கு அதை அவிழ்க்கத் தெரியாது.

இவ்வளவையும் ஒரே மரத்தில் காண விரும்புவோர் பாலக்காட்டுக் கணவாயின் பனைகளைப் பார்க்கலாம். ஓ. வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' படித்தோருக்கு அந்நிலக்காட்சி அறிமுகமானது. பனையின் இளம் விதை நுங்கு. அது முற்றினால் பல் உடையும் அளவுக்குக் கெட்டியாகிறது. மேனோஸ் என்ற மற்றொரு சர்க்கரையை முதன்மையாகக் கொண்ட இறுகிய சங்கிலி அது. கொட்டையை மண்ணில் புதைத்தால், உள்ளே பஞ்சுபோன்ற பூரான் தோன்றி அந்தக் கெட்டிப் பருப்பைக் கரைத்து உறிஞ்சுகிறது. அதனால்தான் பூரான் இனிக்கிறது. அந்த இனிப்பு கீழிறங்கி, முளையில் மீண்டும் மாவாகப் படிகிறது, அதுவே பனங்கிழங்கு. சங்கிலி, அவிழ்ப்பு, மறுபடியும் சங்கிலி. நம் பாட்டிமார் இம்மூன்று நிலைக்கும் மூன்று பெயர் வைத்திருந்தனர்; எந்தப் பாடநூலும் இதை எடுத்துக்காட்டாகச் சொல்லி நான் கண்டதில்லை.

வளர்ந்த பனையின் பாளையைச் சீவினால் வடிவது பயணத்தில் இருக்கும் சுக்ரோஸ். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நொதியங்களும் பாக்டீரியாக்களும் புகுந்து கள்ளாக்குகின்றன. ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. அரசுகள் அதன்மேல் சட்டங்களைக் கட்டின. பழைய மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தபோது, 1940களின் இறுதியில் மாகாணம் முழுதும் பரவிய மதுவிலக்கு பாலக்காட்டுக்கும் வந்தது. 1956க்குப் பின் அந்நிலம் கேரளத்தில் சேர்ந்தது. 1967இல் கேரளம் மதுவிலக்கைக் கைவிட்டது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை நீடிக்கிறது. இன்று சித்தூர் வட்டத்தின் தமிழ் பேசும் ஊர்களில் தென்னந்தோப்புகளிலிருந்து கள் வண்டியேறி மற்ற மாவட்டங்களுக்குச் செல்கிறது. சில கிலோமீட்டர் கிழக்கே, அதே மண்ணில், அதே மரத்தில், அதே சாறு குற்றப்பொருள். எல்லைக்கோடு மொழியைப் பிரித்ததைவிடத் தெளிவாகச் சாற்றைப் பிரித்திருக்கிறது.

பனையைவிடப் பழைய செய்தியைச் சொல்லும் மரம் மலைக்காடுகளின் கூந்தற்பனை. இலங்கையில் கித்துள் என்பர். வாழ்நாள் முழுதும் தண்டில் மாவைச் சேர்த்து வைத்து, இறுதியில் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்து, சேமிப்பு அனைத்தையும் செலவழித்துவிட்டு மடிவது அது. பூக்கும் முன் வெட்டி அதன் சோற்றை இடித்துக் கரைத்து வடித்தால் மாவு. பூக்கும்போது பாளையைச் சீவினால் அதே சேமிப்பு இனிப்புச் சாறாக வடிகிறது. இலங்கையில் இன்றும் கித்துள் மாவும் கித்துள் பாணியும் அடுத்தடுத்து விற்கப்படுகின்றன. எப்போது வெட்டுவது என்பதே அங்கு அறிவு. கேரளக் கோயில் யானைகளுக்கு இடப்படும் பனம்பட்டை இம்மரத்தின் ஓலைதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்: யானையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நமக்கு இயலாத செல்லுலோஸ் சங்கிலியை அவிழ்த்துத் தருகின்றன. ஒரே மரத்தில் மனிதர் மாவையும் சாற்றையும் எடுக்க, யானை ஓலையை எடுத்துக்கொள்கிறது.

இனி மறையூர். இடுக்கியின் கிழக்கு ஓரம், மழை மறைவுப் பகுதி. சின்னாறு வழியே இறங்கினால் உடுமலைப்பேட்டை. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி என்ற ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பது பழைய வழக்கு. மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தோரின் ஊர்கள் இவை என்பது அவர்களுடைய மரபுக்கதை. சுற்றிலும் முதுவர் குடிகள். நீர்ப்பாசனமுள்ள தாழ்நிலத்தில் நெல்லும் மலைச்சரிவில் கேழ்வரகும் என்பதே இப்பகுதியின் நெடுங்கால உணவு அமைப்பு.

அந்த அமைப்பை உலுக்கிய முதல் நிகழ்வு தேயிலை. 1877இல் ஜே. டி. மன்றோ பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். தேயிலைத் தோட்டம் என்பது ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும், ஆனால் ஒரு பிடி உணவும் விளையாத நிலம். டாப் ஸ்டேஷனிலிருந்து போடி அருகிலுள்ள கொட்டக்குடிக்கு அமைத்த கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. உணவுப் பொருள்கள் ஏறின. (இந்தக் கொட்டக்குடி வேறு, அஞ்சுநாட்டுக் கொட்டக்குடி வேறு.) தொழிலாளரின் மாவுச்சத்து முதன்முறையாக மலைக்கு வெளியிலிருந்து வரலாயிற்று.

அடுத்தது 1950களின் நடுப்பகுதி. பட்டம் தாணுப்பிள்ளையின் திருவிதாங்கூர்-கொச்சி அரசு உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தின்கீழ்க் குடும்பங்களை மலையேற்றியது. மறையூரும் காந்தளூரும் அத்திட்டத்தில் இருந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிய போராட்டம் நடந்த அதே காலம் அது. மொழி விகிதத்தை மாற்றுவதும் நோக்கங்களில் ஒன்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து, எனக்கும் அதில் ஐயமில்லை. ஆனால் அரசு வெளிப்படையாகச் சொன்ன காரணம் உணவு உற்பத்தி.

குடியேறியோர் கொண்டுவந்த உணவு மரவள்ளி. சொல்லை நோக்குக: 'வள்ளி' என்பது கொடியாகப் படரும் கிழங்குகளின் பழந்தமிழ்ப் பெயர், தென்னமெரிக்காவிலிருந்து வந்த, கொடியில்லாத இச்செடிக்கு 'மர'வள்ளி என்று பெயரிட்டுப் பழைய வகைப்பாட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். திருவிதாங்கூரிலும் குமரியிலும் 'மரச்சீனி'. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். திருவனந்தபுரத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் பிற்காலத்தில் ஒரு வகைக்கு 'ஸ்ரீ விசாகம்' என்றே பெயரிட்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசிக் கப்பல்கள் நின்றபோது திருவிதாங்கூர் பெருமளவு இக்கிழங்கை நம்பியது. கிழங்கில் லினமாரின் உண்டு: குளுக்கோஸ் ஒன்றோடு சயனைடு தரும் பகுதி பிணைந்த சேர்மம். திசு நசுங்கினால்தான் நஞ்சு வெளிப்படும். வேகவைத்து நீரை வடிக்கும் சமையல் முறை அதற்கான விடை. பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடும். பறிக்காமல் விட்டால் பல மாதம் நிற்கும். களஞ்சியம் கட்ட வசதியற்ற குடியேறிக்கு நிலமே களஞ்சியம்.

மறையூர்த் தாழ்நிலமோ கரும்புக்கு மாறியது. நெல் வயல்கள் கரும்புத் தோட்டங்களாயின. ஆலைக் கொட்டகைகள் தோன்றின. கரும்பு இலக்கணப்படி விசித்திரமான செடி: பெரும்பாலான செடிகள் சேமிக்கும்போது மாவாக்குவதை இது தண்டிலேயே சுக்ரோஸாக வைத்துக்கொள்கிறது. வெட்டியவுடன் அச்சேமிப்பு கலையத் தொடங்கும். சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். பிரிந்துவிட்டால் வெல்லம் இறுகாது, பாகாகவே நிற்கும். ஆகவே வெட்டியதை விரைந்து ஆட்ட வேண்டும். கொப்பரையில் சேர்க்கும் சிறிது சுண்ணாம்பு சாற்றின் புளிப்பை முறித்துப் பிரிவைத் தடுக்கிறது. பனைக் கலயத்தில் கண்ட அதே சுண்ணாம்பு. அடுப்பில் எரிவது அக்கரும்பின் சக்கை. செல்லுலோஸை எரித்துச் சுக்ரோஸைக் காய்ச்சுகிறார்கள். இரண்டும் ஒரே இலையில் உருவான குளுக்கோஸ். பதம் வந்ததும் மரத்தொட்டியில் கிளறிக் கையால் உருண்டை பிடிப்பது மறையூர் வழக்கம். 2019 மார்ச்சில் 'மறையூர் சர்க்கர'வுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர் வெல்லம் மறையூர்ப் பெயரில் விற்கப்படுவதைத் தடுக்க அது தேவைப்பட்டது.

இக்குறியீட்டை நான் வரவேற்கிறேன். எனினும் வரலாற்று நோக்கில் ஒன்றைக் கூறியாக வேண்டும். கேழ்வரகு பல்லாண்டு பூச்சியரிக்காமல் குதிரில் கிடக்கும் தானியம். விளைவித்தவர் வீட்டிலேயே தங்கும். வெல்லம் வண்டியேறுவதற்காகவே செய்யப்படுவது. நிலத்தில் நீண்ட சங்கிலி விளைந்த இடத்தில் குறுகிய சங்கிலி விளைந்தபோது, அந்நிலத்தின் உணவு வீட்டிலிருந்து சந்தைக்கு இடம்பெயர்ந்தது; வீட்டுக்குப் பதிலாக வந்தது நியாயவிலைக் கடை அரிசி. சின்னாறு சரணாலயத்துக்குள் தாயண்ணன்குடி முதுவர்கள் தம் பழைய கேழ்வரகு வகைகளை மீண்டும் தேடி விதைத்தது இப்பின்னணியில் பொருள் பெறுகிறது.

மறையூரில் இம்மாற்றத்துக்கு ஈடாகப் பணமாவது வந்தது. அதுவும் வராத இடம் அட்டப்பாடி.

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கில், சைலண்ட் வேலிக்குக் கிழக்கே, பவானியும் சிறுவாணியும் ஓடும் நிலம். ஆனைகட்டி வழியே கோயம்புத்தூரைத் தொடுகிறது. இருளர், முடுகர், குறும்பர் வாழிடம். 1951 கணக்கெடுப்பில் பழங்குடியினரே பெரும்பான்மை. அடுத்த அரை நூற்றாண்டில் கேரளத்தின் பிற பகுதிகளிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தோரின் குடியேற்றத்தால் தம் நிலத்திலேயே சிறுபான்மையாயினர். நிலமும் பெருமளவு கைமாறியது. புனத்தில் கேழ்வரகு, சாமை, தினை, சோளம், ஊடே துவரையும் அவரையும் கீரையும் சேர்த்து விதைப்பதே இங்கு முறை. இதில் கேழ்வரகு மட்டுமன்று, கலப்பே உணவு: தானியத்தில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைத் துவரை நிரப்பியது. (அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் பிற்காலத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது, விளைந்த நிலம் போன பிறகு பெயர் காக்கப்பட்டது என்று கசப்பாகச் சொல்லத் தோன்றுகிறது.) நிலமும் புனமும் சுருங்கியபோது தட்டில் எஞ்சியது பங்கீட்டு அரிசி.

2013இல் அட்டப்பாடியின் அடுத்தடுத்த சிசு மரணங்கள் நாடறிந்த செய்தியாயின. தாய்மாரின் இரத்தசோகையும் குழந்தைகளின் குறைந்த பிறப்பு எடையும் அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன. அப்போது ஊடகங்களில் எழுந்த கேள்வி, அரிசி இலவசமாகக் கிடைக்கிறதே, பிறகு ஏன் என்பது. நான் மேலே கூறிய சமன்பாடு அக்கேள்விக்குள் அப்படியே இருக்கிறது. கலோரிக் கணக்கில் ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ கேழ்வரகும் ஏறத்தாழ ஒன்றுதான்; இரண்டிலும் பெரும்பகுதி மாவுச்சத்தே. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமுக்கு மேல் செல்வதில்லை. இரும்பும் நார்ப்பொருளும் கேழ்வரகில் பன்மடங்கு. ஆலையில் அரிசியைத் தீட்டும்போது எஞ்சுவது பெரும்பாலும் தனித்த மாவுச் சங்கிலி. அதனோடு துணையாக வந்தவை தவிட்டோடு போய்விடுகின்றன.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, கேழ்வரகைப் புனிதப்படுத்த வேண்டாம். அதன் இரும்பையும் கால்சியத்தையும் பைட்டேட் என்ற பொருள் பிணைத்து வைப்பதால் உடல் முழுமையாக உறிஞ்சிக்கொள்வதில்லை. அதற்கான விடை பழைய சமையலிலேயே இருக்கிறது: முளைகட்டுதல். முளைவிடும் தானியத்தில் பைட்டேட் குறைகிறது. பயேனும் பெர்சோவும் கண்ட டயஸ்டேஸும் அப்போதுதான் பெருகுகிறது. மாவுச் சங்கிலி ஓரளவு துண்டாகிறது. அதனால் முளைகட்டிய மாவில் காய்ச்சிய கூழ் கெட்டிப்படாமல் நெகிழ்வாக இருக்கும். சிறிய வயிறுள்ள குழந்தைக்கு அதே அளவு கூழில் கூடுதல் மாவைச் சேர்த்து ஊட்டலாம். தாய்ப்பால் மறக்கும் பருவத்துக் குழந்தைக்கு இது சிறிய செய்தியன்று. அரிசிக் கஞ்சியைக் கெட்டியாக்கினால் குழந்தை விழுங்காது. நீர்க்கவைத்தால் வயிறு நிறையும், சத்து நிறையாது.

இரண்டு, அரிசி மேலிருந்து திணிக்கப்பட்டது என்ற எளிய கதையும் முழு உண்மையன்று. சாமையின் உமி எளிதில் நீங்காது. உரலில் இட்டுக் குத்திப் புடைக்க வேண்டும், அது பெண்களின் உழைப்பு. அப்பெண்கள் கூலி வேலைக்குச் செல்லும் நாள் வந்தபோது, குத்தாமல் உலையில் இடக்கூடிய அரிசி ஒரு விடுதலையாகவும் இருந்தது. காட்டுப்பன்றியும் யானையும் புனத்தை அழிப்பது மற்றொரு காரணம். இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் 'மரபுக்குத் திரும்புவோம்' என்று எழுதுவோர், உரலைப் பிடிக்கப்போவது யார் என்பதையும் எழுத வேண்டும்.

2013க்குப் பின் குடும்பஸ்ரீ வழியாக ஊர்தோறும் சமுதாயச் சமையலறைகள் வந்தன. 2017இல் கேரள வேளாண்மைத் துறையும் பழங்குடியினர் நலத்துறையும் சேர்ந்து அட்டப்பாடியில் சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கின; விதை, நிலம் சீராக்கல், பதப்படுத்தல் ஆகியவற்றுக்கு உதவி கிடைத்தது. 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டில் நகர அங்காடிகளில் அட்டப்பாடித் தானியம் அழகிய உறைகளில் தோன்றியது. மறையூரின் கதையை அறிந்தோர் இங்கே சற்றுத் தயங்குவர். சந்தை நல்ல விலை தரும்போது கேழ்வரகும் வண்டியேறும். அதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் திட்ட அறிக்கைகள் இனி எத்தனை ஏக்கர் விதைத்தோம், எத்தனை டன் விற்றோம் என்ற இரு எண்களோடு நில்லாமல், அந்தந்த ஊரின் அடுப்பில் எவ்வளவு வெந்தது என்ற மூன்றாவது எண்ணையும் தர வேண்டும்.

மொழியியல் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையாளத்தில் கேழ்வரகுக்கு முத்தாறி, பஞ்ஞப்புல்லு, கூவரகு எனப் பல பெயர்கள் உண்டு. கூழ், களி, கஞ்சி ஆகியவற்றின் பதத்தைக் குறிக்கும் சொற்களும் முளைகட்டிய மாவுக்கான தனிச்சொற்களும் இருள மொழியிலும் முதுவர் பேச்சிலும் அஞ்சுநாட்டுத் தமிழிலும் இருப்பின் தொகுக்க விரும்புகிறேன். சொல்லோடு, அதை யார், எந்த வயதுக் குழந்தைக்கு, எப்பருவத்தில் காய்ச்சுவர் என்ற குறிப்பும் சேர்ந்திருந்தால் மிகவும் உதவும்.